முதுகில் எழுதிய பெயர்

ஷஹ்பாஸ் ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குடமுருட்டி ஆற்று மணலில் நடக்கும் கோடைக் கோப்பையை அவன் நான்கு முறை வென்றான். ஐந்து என்பவர்கள் உண்டு, அது சரியில்லை. ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தன்று அவன் அம்மை போட்டுப் படுத்திருந்தான். அணி அவன் இல்லாமலே ஜெயித்தது. அந்தக் கோப்பையை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பூதலூரில் ஓர் ஆட்டுக்கிடா வென்றான். ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று நெல் லாரி ஒன்றின் மூட்டைகள்மேல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தான். கோடியக்கரையில் கடலோரப் பையன்களை அவர்கள் மணலிலேயே தோற்கடித்தபோது, கோப்பையோடு ஒரு கூடை கருவாடும் கொடுத்தார்கள். இவற்றோடு மஸ்கட் கடற்கரையில், சுற்றுவட்டார நாடுகளின் தேசிய அணிகள் மோதிய கடற்கரைக் கால்பந்துப் போட்டியில், இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வெண்கலப் பதக்கம்.

இத்தனையையும் அவன் கடலே இல்லாத வலங்கைமானில் இருந்துகொண்டு வென்றான். பூட்ஸ் மாட்டினால் ஓட வராத கால்களால் வென்றான். வீட்டில் அத்தா இல்லாமல் வென்றான். இந்த மூன்றாவதில்தான் பிறகு தகராறு வந்தது.

அத்தா அப்துல் வஹாப் கடைத்தெருவில் கட்பீஸ் துணிக்கடை வைத்திருந்தார். தொண்ணூறுகள் பிறந்ததும் கும்பகோணத்தில் கண்ணாடி போட்ட ரெடிமேட் கடைகள் வரிசையாக முளைத்தன. மீட்டர் கிழித்துத் தைத்துப் போடுகிறவர்கள் குறைந்தார்கள். தொண்ணூற்றிரண்டில் அவர் கடையை மூடிவிட்டு மஸ்கட்டில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனார். போகும்போது அலமாரி, கண்ணாடி, மீட்டர் கோல் எல்லாம் விற்றவர், ஓரம் அடிக்க வைத்திருந்த பழைய தையல் மெஷினை மட்டும் விற்கவில்லை. அதற்கு யாரும் விலை கேட்கவில்லை என்பதுதான் காரணம். அப்போது மகள் ஹுமைராவுக்குப் பதின்மூன்று வயது, மகன் ஷஹ்பாஸுக்கு ஆறு.

முதல் நான்கு வருஷம் கேசட் வந்தது. டேப்பில் போட்டால், அத்தா தொண்டையைச் செருமிவிட்டு ஒவ்வொருவருக்கும் முறை வைத்துப் பேசுவார். ஷஹ்பாஸ் தன் முறை வரும்வரை டேப்பின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். பிறகு கேசட் நின்றது. எதிர்த்தெரு யூனுஸ் மஸ்கட்டிலேயே டிரைவராக இருந்தார். லீவில் வந்தவர் வாசலோடு நின்றுகொண்டு, உள்ளே வராமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

“அங்க ஒரு குடும்பம் ஆயிருச்சுக்கா. ஒரு பையனும் இருக்கான்.”

அம்மா ஹலீமா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“டீ குடிக்கிறியா யூனுஸ்?”

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த வாரம் ரைஸ்மில் களத்துக்கு வேலைக்குப் போனாள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெறுங்காலால் வரிவரியாகத் தள்ளிக்கொண்டே நடந்து காயவிடும் வேலை. சித்திரை வெயிலில் களத்தில் கால் வைக்க முடியாது. வைத்துத்தான் ஆக வேண்டும். ஹுமைரா எட்டாம் வகுப்போடு நின்றவள், விலை போகாத அந்த மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். ஷஹ்பாஸ் பள்ளிக்கூடம் விட்டதும் களத்துக்கு ஓடுவான். அம்மாவின் பின்னாலேயே அவனும் நெல்லில் காலை இழுத்து இழுத்து நடப்பான். விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் அந்தப் பாதம் அப்படித்தான் உருவானது: விரல் பரந்து, அடி தோலாகக் கெட்டியாகி, புதையாத பாதம்.

ஜனவரிக் கடைசியில் மேட்டூர் அணையை மூடினால் குடமுருட்டியில் மெல்லத் தண்ணீர் வற்றும். பங்குனியில் கரையிலிருந்து கரைவரை வெறும் மணல்தான். ஊர்ப் பையன்கள் மூங்கில் நட்டு கோல் போஸ்ட் கட்டுவார்கள். மணலில் பந்து உருளாது; தூக்கித்தான் அடிக்க வேண்டும். மற்றவர்கள் கணுக்கால்வரை புதைந்து தத்தளிக்கும்போது ஷஹ்பாஸ் நெல் தள்ளுகிற மாதிரி காலை விட்டுப் பந்தைக் கிளப்புவான். விழுந்தால் அடிபடாது என்பதால் தலைகீழாகப் பாய்ந்து அடிக்கவும் பழகிவிட்டான். பாலத்தில் போகிற பஸ்ஸைக்கூட டிரைவர்கள் மெதுவாக ஓட்டுவார்கள்.

ஹுமைரா அந்த ஆற்று அணிக்குச் சட்டை தைத்தாள். முதுகில் சாட்டின் துணியில் எழுத்து வெட்டி, ஓரம் மடித்து, இழை வெளியே தெரியாமல் தைப்பாள். மற்றவர்களுக்கு எண் மட்டும். தம்பிக்கு மட்டும் எண்ணுக்கு மேல் “ஷஹ்பாஸ்” என்று முழுப் பெயர்.

“ஏம்மா, எங்க பேரெல்லாம் துணி கொள்ளாதா?” என்று கோடைக் கோப்பையை நடத்தும் டீக்கடை ரெத்தினம் கேட்டார்.

“உங்க பேருல ஒரு கோல் வுழுந்தா தச்சுத் தர்றேண்ணே.”

தஞ்சாவூரில் ஒரு தடவை மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். பூட்ஸ் இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். இரவல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கால் கட்டிய கோழி மாதிரி ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். கோடியக்கரைப் போட்டிக்கு வந்திருந்த கேரளப் பயிற்சியாளர் ஒருவர்தான், வெறுங்காலோடு ஆடும் கால்பந்து ஒன்று இருக்கிறது, அதற்கு நாட்டு அணியும் இருக்கிறது என்று சொன்னார். கூப்பிட்ட இடத்துக்குப் போனான். ஆடினான். எடுத்துக்கொண்டார்கள். 2007 நவம்பரில் போட்டி, மஸ்கட்டில்.

மஸ்கட் என்று கேட்டதும் அம்மா, “கடல் தண்ணியில எறங்காதடா, நீச்சல் தெரியாது ஒனக்கு,” என்றாள்.

ஹுமைரா கொண்டுபோன பாஸ்போர்ட் விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டர் செல்லதுரைதான் நிரப்பிக் கொடுத்தான்.

“சர்நேம்னு ஒரு கட்டம் இருக்குக்கா. நமக்கு ஏது சர்நேம்? எல்லாருக்கும் அப்பா பேரத்தான் அதுல போட்டு வுடுறேன். இதுவரைக்கும் ஒண்ணும் திரும்பி வந்ததில்ல.”

இந்தப் பக்கத்தில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி மகன் பெயருக்கு முன்னால் நிற்கும். அ. ஷஹ்பாஸ். அந்த ஓர் எழுத்து பள்ளிக்கூடத்தில் வைத்தது, யாரையும் உறுத்தியதில்லை. கட்டத்துக்குள் போனதும் அது முழுசாக நீண்டு பின்னால் போய் நின்றுகொண்டது. அதை அன்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போட்டிக்கு முன்னால் மஸ்கட்டிலிருந்து ஷஹ்பாஸ் பேசினான்.

“அக்கா, சட்ட குடுத்துட்டாங்க.”

“அளவு சரியா இருக்கா? தோள்ல எறங்குதா?”

“அளவெல்லாம் சரி. முதுகுலதான்...”

“முதுகுல என்ன, கிழிஞ்சிருக்கா?”

“பேரு. வஹாப்னு அடிச்சிருக்கான், பெரிசா. ஷஹ்பாஸ்னு போடுங்கன்னு கேட்டுப் பாத்தேன். பாஸ்போர்ட்ல சர்நேம் என்னவோ அதுதான் வருமாம். எல்லா நாட்டுக்காரனுக்கும் அப்படித்தானாம்.”

ஹுமைரா கையில் இருந்த கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்தாள்.

“ஒட்டுனதா, தச்சதா?”

“என்னது?”

“எழுத்துடா. ஒட்டுனதா, தச்சதா?”

“ஒட்டுனது. ரப்பர் மாதிரி இருக்கு.”

“அப்ப துணி போட்டு இஸ்திரிப் பெட்டிய வச்சா எளகிரும். கொண்டா. உரிச்சுட்டு ஒம் பேரத் தச்சுத் தர்றேன்.”

“சரிக்கா. ஆடி முடிச்சதும் அந்தச் சட்டைய வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். நேரா கொண்டாந்து அம்மா கையில குடுக்குறேன். நீ உரிச்சுக்க.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஹுமைராவுக்குப் பதக்கம்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. இந்தியச் சட்டையின் நீலத்துக்குப் பொருத்தமாகச் சாட்டினில் எந்த நிறம் வைப்பது என்று கும்பகோணம் போய்ப் பார்த்து, பொன்மஞ்சளில் கால் மீட்டர் வாங்கி வந்தாள். ஷ, ஹ், பா, ஸ் என்று காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்டாள். அம்மா களத்திலிருந்து வந்து அந்தக் காகித எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

“நாட்டுச் சட்டையில நாம கை வைக்கலாமா?”

“நம்ம புள்ள போட்ட சட்டதானேம்மா.”

மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தை யூனுஸ் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஹுமைராவுக்குப் போன் செய்தார். கடைசிவரை சமமாக இருந்ததாம். முடியப் போகிற நேரத்தில் ஷஹ்பாஸின் கணுக்காலில் ஒருவன் உதைத்துத் தள்ளிவிட்டானாம்.

“இந்த ஆட்டத்துல அடி வாங்குனவனேதான் எந்திரிச்சு அடிக்கணுமாம்மா. அவனுக்காக வேற ஆளு வந்து அடிக்கக் கூடாதாம். எதுர்ல சுவர் மாதிரி ஆள் நிக்கவும் கூடாதாம். நம்ம புள்ள நொண்டிக்கிட்டே எந்திரிச்சான். மணலக் கொஞ்சம் காலால கூட்டி மேடு பண்ணுனான், பந்த வச்சான், அடிச்சான் பாரு! ஸ்டேடியம் பூரா வஹாப் வஹாப்னு ஒரே கூச்சல்.”

“அப்புறம்ணே?”

யூனுஸ் கொஞ்சம் தயங்கினார்.

“அப்புறம் என்னம்மா. ஜெயிச்சாச்சு.”

அவர் சொல்லாமல் விட்டதை மறுநாள் செல்லதுரை கம்ப்யூட்டரில் காட்டினான். அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த படம். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்துல் வஹாப் நிற்கிறார். தலைக்குக் கறுப்புச் சாயம், சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் தொப்பை. இந்தப் பக்கம் ஷஹ்பாஸ், மேலுக்கு ஒன்றுமில்லாமல், உடம்பெல்லாம் மணல் ஒட்டி. இந்தியச் சட்டையை இரண்டு கையாலும் நீட்டுகிறான். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும். சட்டையின் முதுகு கேமராவைப் பார்த்து இருக்கிறது. பெயர் பளிச்சென்று தெரிகிறது. அடியில் எழுதியிருந்ததைச் செல்லதுரை தமிழில் படித்தான்: வெற்றிச் சட்டையைத் தந்தைக்குக் காணிக்கையாக்கிய மகன்.

“ஒங்க அத்தாவாக்கா? டை அடிச்சிருக்காரு போல.”

ஹுமைரா எழுந்துவிட்டாள். பிரிண்ட் போடட்டுமா என்று அவன் கேட்டபோது படியிறங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்து, காகித எழுத்துகளை அடுக்கி, பொன்மஞ்சள் துணியில் சுற்றி, மெஷின் டிராயருக்குள் வைத்து மூடினாள்.

அவளுக்கு அத்தாமேல் கோபம் வரவில்லை; அது என்றைக்கோ வந்து தீர்ந்துவிட்டது. தம்பி செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. பத்து வருஷமாக அம்மா காலைக் காய்ச்சி வளர்த்த பிள்ளை. தானே வாய் திறந்து சொன்னவன். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான், அம்மா கையில் கொடுக்கிறேன் என்று. அத்தா ஒரு தடவை சலாம் சொல்லிக் கையை நீட்டினால் போதுமா, அத்தனையும் போய்விடுமா?

பஸ் ஸ்டாண்டில் ரெத்தினம் ஃப்ளெக்ஸ் வைத்தார். மெத்தச் செலவு செய்து, அந்தப் படத்தையே பெரிதாக்கிப் போட்டிருந்தார். “வலங்கைமான் மண்ணின் மைந்தர் அப்துல் வஹாப் அவர்களின் அருமைப் புதல்வனை வாழ்த்தி வரவேற்கிறோம்.” ஷஹ்பாஸின் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். ஹலீமா காலையில் அதன் அடியில்தான் களத்துக்குப் போனாள், சாயங்காலம் அதன் அடியில்தான் திரும்பினாள்.

“பாத்தியாம்மா?” என்று ஹுமைரா கேட்டாள்.

“பாத்தேன். கொஞ்சம் பூசுன மாதிரி இருக்காரு,” என்றாள் அம்மா, உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே.

அந்த வாரமே அத்தா போன் செய்தார். எண்ணை யார் கொடுத்தார்களோ. குரல் கேசட்டில் கேட்ட அதே குரல். அதே மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“ஹுமைரா, அத்தா பேசுறேம்மா. பாத்தியா தம்பிய? எம் பேரக் காப்பாத்திட்டான். இந்த ஊரே என்னையத் திரும்பிப் பாக்குது. கடையில முதலாளி எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு.”

“அப்படியா.”

“அவனே கூப்பிட்டுக் குடுத்தாம்மா, எல்லார் முன்னாடியும். அந்தச் சட்டையக் கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிருக்கேன். வர்ற ஆளெல்லாம் கேக்குறாங்க. அம்மா எப்படி இருக்கா?”

“களத்துல இருக்காங்க. அங்க கண்ணாடி போட்டு மாட்டுறதுக்கு ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டு ஹுமைரா போனை அணைத்தாள்.

ஷஹ்பாஸ் வந்து இறங்கியபோது மேளம், மாலை, ஜீப் எல்லாம் இருந்தது. அவன் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஜீப்பில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தான். பதக்கத்தைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டான். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“சட்ட எங்கடா? அக்கா எழுத்தெல்லாம் வெட்டி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

“குடுத்துட்டேன்மா.”

“சரி வுடு. தொவைக்கிறதுக்கு ஒண்ணு கொறஞ்சுது.”

அம்மா சிரித்தாள். ஹுமைரா சிரிக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நூல் அறுந்தது போலக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து சோறு, தண்ணீர், சாவி இவற்றைத் தவிர அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் கல்யாண வீட்டில், கடைத்தெருவில் எங்கே போனாலும், “வஹாப் பாய் மகனா?” என்றுதான் கேட்டார்கள். முன்பு “களத்துல வேல பாக்குற ஹலீமா மகன்” என்றவர்கள்தான் அவர்கள். பெயர் மாறிவிட்டது. அவன் ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலையும் ஹுமைரா பார்த்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த மே மாதம். ஆற்று அணிக்குப் புதுச் சட்டை தைக்க ஹுமைரா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஷஹ்பாஸ் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். அணி மேலாளர் கூப்பிட்டிருந்தார். ஜூலையில் இன்னொரு சர்வதேசப் போட்டி, உடனே முகாமுக்கு வரவேண்டும்.

“பாஸ்போர்ட் கையில இல்ல சார்... இல்ல சார், தொலைக்கல. திருத்தக் குடுத்திருக்கேன்... ஜனவரியில... இன்னும் வரல சார்... இல்ல, திரும்ப வாங்க முடியாது... பழைய பேருலன்னா வேணாம் சார். ஆமா சார். தெரியும் சார்.”

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

“என்னத்தடா திருத்தக் குடுத்த?”

ஆறு மாதத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவன் வந்து தரையில் உட்கார்ந்தான். முன்பு டேப்பின் முன்னால் உட்கார்ந்த மாதிரியே சம்மணம் போட்டு.

“சர்நேம எடுக்கச் சொல்லி.”

“எதுக்கு? அதத்தான் ரெண்டு கையாலயும் தாங்கிக் குடுத்தியே! படம் புடிச்சுப் போட்டானே! ஊர் பூரா கட்டியிருந்துதே!”

“குடுக்கலக்கா. திருப்பிக் குடுத்தேன்.”

“ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?”

அவன் தரையில் கிடந்த வெட்டுத்துணியை எடுத்துச் சுருட்டினான், பிரித்தான்.

“ஆட்டம் முடிஞ்சு திரும்புறேன், கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு சலாம் சொன்னாரு. மொகம் தெரியலக்கா எனக்கு. கொரல் தெரிஞ்சுது. தொண்டையச் செருமிட்டு சொன்னாரு. சலாம் சொன்னா பதில் சொல்லாம போவ முடியுமா? சொன்னேன். ‘முதுகுல எம் பேர பாத்ததும் எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சுடா’ன்னாரு. அம்மா எப்படி இருக்கு, நீ எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த கேக்கல. எம் பேரு, எம் பேருன்னே சொன்னாரு. சட்டையக் கழட்டுனேன். ‘ஒங்க பேருதான அத்தா, நீங்களே வச்சுக்கங்க’ன்னு நீட்டுனேன்.”

“தமிழ்லதான சொன்ன?”

“வேற எதுல சொல்லுவேன்?”

“அவருக்குப் புரியலையா?”

“புரிஞ்சுது. ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. போட்டோக்காரனக் கை தட்டிக் கூப்பிட்டாரு. இன்னொரு தடவ நீட்டச் சொன்னாருக்கா. நான் நீட்டல. அவரே என் கையப் புடிச்சு நிறுத்தி வச்சாரு. அந்தப் படம்தான் அது.”

வெளியே யாரோ வைக்கோல் வண்டிக்கு வழி கேட்டுக் கத்தினார்கள். ஹுமைராவுக்கு அழுகை வரவில்லை. செல்லதுரை காட்டிய அன்றைக்குத் தவிர அவள் அந்தப் படத்தை நின்று பார்த்ததில்லை. ஆனாலும் இப்போது நினைவுக்கு வந்தது. தம்பியின் மணிக்கட்டுக்கு மேல் ஒரு கை இருந்தது. வாங்கிக்கொள்ளும் கை என்று நினைத்தது, பிடித்து வைத்திருந்த கை.

“ஏன்டா இத்தன நாளா சொல்லல?”

“சொன்னா யார் நம்புவா? படத்துல குடுக்குறதுதான தெரியுது. நானே போயி அவரக் கொண்டாடிட்டேன்னு ஊரே சொல்லுது. நீயே அப்படித்தான நெனச்ச? அம்மாகிட்ட குடுக்குறேன்னு சொன்ன சட்ட, அது இப்ப அவரு கடையில தொங்குது. திருப்பிக் குடுத்ததயும் பரிசா மாத்திட்டாரு. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?”

“யூனுஸ் அண்ணன் பக்கத்துலதான இருந்தாரு?”

“தூரத்துல இருந்தாரு. அவருக்கும் படம் மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.”

அம்மா களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் சொம்பைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது.

“அப்ப ஜூலைக்குப் போவ முடியாதா?” என்று கேட்டாள்.

“முடியாதும்மா. இந்தத் தடவ விட்டா அடுத்து எடுப்பாங்களான்னு தெரியாது.”

“பேரு என்னடா பேரு. அதப் போட்டுக்கிட்டே போயிருக்கலாம்ல. கால் ஒண்ணும் அவரு குடுத்ததில்லையே.”

“அதான்மா,” என்றான் ஷஹ்பாஸ். “கால் அவரு குடுத்ததில்ல. அப்புறம் எப்படி அத முதுகுல போட்டுக்கிட்டு ஓடுறது?”

ஹலீமா ஈரக்காலோடு உள்ளே போனாள். அவள் பாதம் பட்ட இடமெல்லாம் சிமெண்ட் தரையில் விரல் பரந்த தடம். அன்று ராத்திரிச் சோற்றுக்கு அவள் வரவில்லை, தலைவலி என்றாள்.

மறுநாள் ஷஹ்பாஸ் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, என் சட்டையில பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து சேத்து வெட்டணும்.”

“என்ன எழுத்து?”

“ஹ.”

ஹுமைரா டிராயரைத் திறந்து பொன்மஞ்சள் துணியை எடுத்தாள். காகித எழுத்துகள் அப்படியே இருந்தன. புதிதாக ஒன்று மட்டும் வரைய வேண்டும்.

“ஹலீமாவா, ஹுமைராவா?” என்று அம்மா உள்ளே இருந்து கேட்டாள்.

“அக்கா பேருன்னா ஹு, சுழி போடணும்மா. இது சுழி இல்லாதது. ஒங்க பேரு.”

“எம் பேரு முதுகுல எதுக்குடா, வேர்வ படவா?”

“இத்தன வருஷமா ஒங்களுக்கு வேர்க்கலையா?”

ஹுமைரா அந்த எழுத்தை மூன்று தடவை வரைந்து, மூன்றாவதைத்தான் வெட்டினாள். ஓரம் மடித்து, இழை வெளியே தெரியாமல் தைத்தாள். தைக்கும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. கண்ணாடிக்குள் தொங்கும் அந்த நீலச் சட்டையை இனி எந்த இஸ்திரிப் பெட்டியாலும் இளக்க முடியாது. அங்கே வருகிற ஆட்களுக்கு அவர் ஆயுசுக்கும் காட்டுவார். அதை யாரும் தடுக்க முடியாது.

பாஸ்போர்ட் வரவில்லை. முகாம் தொடங்கியது. அவன் இடத்துக்கு வேறு ஒருவனை எடுத்தார்கள் என்று செல்லதுரை படித்துச் சொன்னான். “ஒரு பேருக்காவ இந்தியாவையே வுட்டுட்டானேக்கா, லூசுப்பய,” என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னான். அவனுக்கு அப்பா வீட்டில் இருக்கிறார்.

அந்த வருஷம் கோடைக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை, மேட்டூர் திறக்கும் நாளன்று வைத்திருந்தார் ரெத்தினம். அங்கே திறந்தாலும் குடமுருட்டிக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். அதுவரை மணல் பையன்களுக்குத்தான். பழைய ஃப்ளெக்ஸை அவர் தன் டீக்கடை விறகுமேல் போர்த்தி வைத்திருந்தார். வெயிலில் அப்துல் வஹாபின் முகம் வெளுத்து, ஆள் அடையாளமே தெரியவில்லை. எழுத்து மட்டும் வெளுக்கவில்லை.

ஹலீமா அன்று களத்துக்கு மதியம் லீவு சொல்லிவிட்டு, மகளோடு பாலத்தில் வந்து நின்றாள். ஷஹ்பாஸின் அணிதான் ஜெயித்தது. மேலே சொன்ன நான்கில் நான்காவது இதுதான். ஆட்டம் முடிந்ததும் ரெத்தினம் பந்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்தார். கடையில் வைக்க வேண்டுமாம்.

“தம்பி, நாட்டுக்கே ஆடுனவன் நீ. ஒரு கையெழுத்துப் போடு.”

ஷஹ்பாஸ் பந்தை முழங்காலில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினான். ரெத்தினம் எட்டிப் பார்த்தார். சட்டையின் முதுகையும் அப்போதுதான் பார்த்தார்.

“என்ன தம்பி, இனிஷியல மாத்திப் போட்டுட்ட? அ-தான போடுவ?”

“இல்லண்ணே, மாத்திப் போடல.”

“இது யாரு பேரு?”

அவன் பாலத்தைப் பார்த்துக் கையைக் காட்டினான். ரெத்தினம் நிமிர்ந்து பார்த்தார். வெயில் கண்ணில் அடிக்க, புருவத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தேதியும் போட்டுரு தம்பி,” என்றார்.

ஷஹ்பாஸ் பந்தைத் திருப்பி, “ஹ. ஷஹ்பாஸ்” என்று எழுதியதற்குக் கீழே தேதி போட்டான்: 12-6-2008.